அப்பா இல்லாமலும் ஓட வேண்டிய மிஷின்

அப்பா இறந்த அன்று அவர் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா நின்றிருந்தார். ராசிபுரத்திலிருந்து அக்காவும் மாமாவும் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். மலைமேல் சிற்றூர்கள் சேர்ந்த எங்கள் வட்டாரமான ஆலத்தூர் நாட்டில், எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். அப்பாவோடு நெடுநாள் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த குடும்பங்கள் முள்ளுக்குறிச்சியிலிருந்து வேன் பிடித்து மலையேறி வந்திருந்தன. நான் கோயமுத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி மத்தியானம்தான் வந்து சேர்ந்தேன்.

கூட்டத்தில் இல்லாதவர்கள் நான்கு பேர். காபிப் பழம் உரிக்கும் அப்பாவின் மிஷின் கொட்டாயில் எடை போட்டுப் பணம் கொடுக்கும் வெள்ளையம்மா அக்கா, மிஷின் ஓட்டும் குப்புசாமி அண்ணன், களத்தில் கொட்டை காயவைக்கும் செல்வி, அவர் தங்கை பழனியம்மா. நால்வருமே அப்பாவிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். நால்வரின் வீடும் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவர்கள் இல்லை என்பதை நான் கவனித்தேன். எனக்கு முன்பே மற்றவர்கள் கவனித்துவிட்டிருந்தார்கள்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். அதன் பிறகு நான் செய்ததை நேரில் பார்த்தவர்களும் உண்டு. பார்க்காதவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். போனவரின் நல்லதை மட்டும் எழுது, உன் கதை எதற்கு என்று பெரியப்பா சொன்னார். எழுதிப் பார்த்தேன். அப்பா கட்டியது என்ன என்று சொல்ல வேண்டுமானால் நான் அதை இடித்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவன் நான். என் எழுத்து முதன்முதலாக அச்சில் வருவது இதற்காக என்பதில் எனக்குப் பெருமை இல்லை.

அப்பா பிறந்தது ஆலத்தூர் நாட்டில், சரிவில் தொங்கிக்கொண்டிருப்பது போன்ற ஒரு சிற்றூரில். பள்ளிக்கூடத்தின் வாசலை அவர் மிதித்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். சின்ன வயதில் ஆடு மேய்த்தார். தோள் கொஞ்சம் தேறியதும் சுமை தூக்கப் போனார். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் முள்ளுக்குறிச்சிக்கு இறங்குவார். திரும்பும்போது உப்பும் மண்ணெண்ணெயும் தூக்கிக்கொண்டு ஏறுவார். இறங்குவதற்கு ஒரு கூலி, ஏறுவதற்கு வேறு கூலி. "எறங்கறப்ப அடுத்தவன் சரக்கு, ஏர்றப்பவும் அடுத்தவன் சரக்கு, வேர்வை மட்டுந்தான் நம்முளுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

மிளகுக் கொடிக்கு நடுவே எல்லாரும் காபிச் செடி வைத்திருந்தார்கள். அந்தப் பழத்தில் ஒரு சங்கடம் உண்டு. மிளகைப் போல மூட்டை கட்டி மூலையில் போட்டு வைத்து, விலை வரும்போது விற்க முடியாது. பறித்த அன்றே மேல்தோலை உரித்தாக வேண்டும். மூட்டையில் கிடந்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். உரிக்கிற மிஷின் பெரிய தோட்டக்காரர்களிடம் மட்டும் இருந்தது. மற்றவர்கள் ரோட்டுக்கு மூட்டையைக் கொண்டுவந்து லாரிக்காகக் காத்திருப்பார்கள். லாரிக்காரர் வருவார், இறங்குவார், பீடி பற்றவைப்பார், விலையே சொல்லமாட்டார். பொழுது இறங்க இறங்க விலையும் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். மூட்டை வைத்திருப்பவர்களுக்கும் தெரியும்.

சுமை தூக்கிக்கொண்டே இதைப் பல வருடம் பார்த்த அப்பா, ஒரு தோட்டத்தில் கழித்துப் போட்ட கை மிஷினை வாங்கினார். அம்மாவின் தோடு அதற்குத்தான் போனது. இருவரும் மாறி மாறிச் சுற்றினார்கள். பிறகு மோட்டார் வந்தது. உரித்த கொட்டையை ஊறவைக்கத் தொட்டி கட்டினார். காயவைக்கச் சிமெண்ட் களம் போட்டார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சுற்றுப்பட்டு ஊர்களின் காபிப் பழம் எல்லாம் எங்கள் கொட்டாய்க்கு வந்தது. லாரிக்காரர் பீடி பிடிப்பதை நிறுத்திவிட்டார் என்று ஊரில் கேலி பேசிக்கொள்வார்கள்.

ஆனால் அந்தக் காலத்து அப்பா கொட்டாயை யார் கையிலும் விடமாட்டார். எடை அவர்தான் போட வேண்டும், பணம் அவர்தான் கொடுக்க வேண்டும், மோட்டார் அவர் கைபட்டுத்தான் ஓட வேண்டும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். அக்காவின் கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் ஆளைக் காணோம். தேடிப் போனால் நெற்றியில் சந்தனம் அழியாமல் தொட்டிக்குள் நின்று கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தார். "சம்மந்தி எங்கீங்க?" என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா, "அவரு ரெண்டாவது சம்சாரத்தைப் பாக்கப் போயிருக்கறாரு" என்று சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் பேச்சு.

நான் பத்தாவது படித்த வருடம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பழம் பறிக்கும் பருவம். நினைவு தப்பிய நிலையில் நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவி அவரோடே போய்விட்டது. சாவி இருந்திருந்தாலும் மிஷினைத் தொட யாருக்கும் தைரியம் கிடையாது. கேட்டுக்கு வெளியே மூட்டைகள் வரிசையாக நின்று, அப்படியே புளித்துப் போயின. அப்பா திரும்பி வந்தபோது ஊரார் யாரும் பழத்தைப் பற்றிப் பேசவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். அதுதான் அவரைச் சுட்டது. கண் மஞ்சள் தெளியுமுன்பே வருத்தம் சொல்ல வீடு வீடாகப் போனார்.

பெரியப்பாவிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "ஒரு ஊரோட பழத்தையே என்ற இடுப்புல முடிஞ்சு வெச்சிருந்தேனுங்க அண்ணா. நான் படுத்தா ஊரே படுத்துருது. இதுக்குத் தொழில்னு பேரா?"

"அதுக்கென்னடா பண்ண முடியும்? மொதலாளின்னா அப்படித்தான்" என்றார் பெரியப்பா.

"அப்ப மொதலாளி இல்லாமப் பண்ணிப் பாக்கறனுங்க."

வேலைக்கு ஆள் எடுத்தார். பெரியப்பாவின் மகனை எடுப்பார் என்று எல்லாரும் நினைத்தோம். மற்ற மூவருக்கும் முன்பு வெள்ளையம்மா அக்காவை எடுத்தார். அவருடையது எங்களுக்குப் பழம் போடும் குடும்பம். ஒவ்வொரு முறையும் எடையில் குறை இருக்கிறது என்று தராசுக்கு முன்னால் நின்று அப்பாவோடு மல்லுக்கட்டுவார். ஏன் இவரை என்று அம்மா கேட்டதற்கு அப்பா சொன்னார்: "என்கிட்டயே சண்டை போடறவ. எவன்கிட்டயும் ஏமாற மாட்டா."

சொல்லிக் கொடுக்கவே இரண்டு மூன்று வருடம் ஆனது, அது அப்பாவுக்குக் கஷ்டமாக இல்லை. விலகி நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டில் இருந்தால் மோட்டார் சத்தம் கேட்கும். சத்தத்தில் சிறு மாற்றம் தெரிந்தாலும் எழுந்து ஓடிவிடுவார். அதனால் பருவ காலத்தில் காலையிலேயே பஸ் ஏறி வாசலூர்பட்டிக்குப் போய்விடுவார். அங்கே படகுத்துறையில் உட்கார்ந்து, சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்தவர்கள் ஏரியில் மிதிபடகு மிதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொட்டாயிலிருந்து வெள்ளையம்மா அக்காவின் போன் வரும்.

"ஏனுங்க, பழத்துல பச்சை நெறையக் கலந்து வருது. வாங்கறதா, திருப்பறதா?"

"நான் இல்லீனா என்ன பண்ணுவீங்க?"

"நீங்கதான் இருக்கறீங்களே!"

"இல்லீன்னு நெனச்சுக்க" என்று வைத்துவிடுவார். வைத்துவிட்டு நகம் கடிப்பார். படகுத்துறை டீக்கடைக்காரர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "இங்க உக்காந்து நகத்தைத் திங்கறதுக்குப் பேரு ஓய்வுங்களா?" என்று அம்மா வீட்டில் சண்டை போடுவார்.

அவர் விலகி நின்ற அந்த முதல் வருடம், நான் காலேஜில் சேர்ந்த வருடம், பச்சைக் காயை நல்ல விலைக்கு வாங்கிப் பெரிய நஷ்டம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பா அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "பையனைக் காலேஜுல சேத்து வருசா வருசம் பீஸ் கட்டறமில்ல? இதும் பீஸுதான். அவன் அங்க படிக்கறான், இவங்க இங்க படிக்கறாங்க."

பீஸ் கட்டிய இரண்டு தரப்பில் ஒரு தரப்பு தேறியது. அடுத்தடுத்த வருடங்களில் போன் வருவது குறைந்து, ஒரு பருவம் முழுவதும் வரவே இல்லை. அப்பா டீக்கடையில் எல்லாருக்கும் பக்கோடா வாங்கிக் கொடுத்தாராம். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "என்னை யாரும் தேடலீங்க" என்றாராம். லாபத்தில் அந்த நால்வருக்கும் ஒரு பங்கு என்று முடிவு செய்ததும் அந்த வருடம்தான்.

இனி என் தரப்பு. நான் கோயமுத்தூரில் பி.காம். படித்து அங்கேயே ஓர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பசங்கள் கேட்பார்கள்: "ஏன்டா, உங்கப்பா போட்டிங்ல மேனேஜராச் சேந்துட்டாராமா?" எனக்கு அவமானமாக இருக்கும். தலையில் மூட்டை சுமந்து உண்டாக்கிய தொழிலை யார் யாரிடமோ கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டும்விட்டேன்.

"உங்க காலத்துக்கு அப்புறம் அவங்க எனக்குக் கணக்குக் காட்டுவாங்களாப்பா? மொத்தமாச் சுருட்டிட்டா?"

அப்பா கோபப்படவில்லை. "உன்னைப் படிக்க வெச்சது மிஷினுக்குக் காவல் இருக்கறதுக்கில்ல கண்ணு. நீ எங்க வேணாலும் போலாம்னுதான்" என்றார். எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை.

அதே பொங்கலன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் சொன்னார். "நான் போற அன்னிக்கும் வந்த பழத்தை உரிச்சுப்போடணும். மிஷின் நிக்கக் கூடாது." அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுங்க மொதல்ல!" அக்கா பேச்சை மாற்றினார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவைப் பற்றி உயிரோடிருப்பவர் பேசினால் எங்கள் பக்கத்தில் யாரும் காது கொடுக்கமாட்டோம். கேட்டாலே பலித்துவிடும் என்ற பயம். அப்பா அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொட்டாயில் போய்ச் சொல்லிவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது.

போன வருடம் பருவத்தின் நடுவில், ஒரு விடியற்காலையில், அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கியபோதே உயிர் பிரிந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டின் தொழில் கருமாதி முடியும் வரை நடக்காது. ஏர் பூட்டமாட்டோம், கடை திறக்கமாட்டோம். மத்தியானம் நான் வந்து, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது, பிறகு வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றேன். மூன்று மணி வாக்கில் பறையடித்தவர்கள் டீ குடிக்க ஒதுங்கினார்கள். அந்த அமைதியில், பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் சத்தம் கேட்டது.

முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்: "அது என்னங்க சத்தம்?"

"இவங்க காபி மிஷினுதானுங்க."

"மொதலாளியை இங்க கெடத்தியிருக்குது, மிஷின் அங்க ஓடுதுங்களா?"

"கண்ணை மூடட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாப்புல இருக்குது."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை பேர் முன்னால் அப்பாவுக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டதே என்று துடித்தேன். அப்பாவை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி ஓடினேன். சில பேர் என் பின்னால் வந்தார்கள்.

கொட்டாயில் மூட்டைகளோடு வரிசை நின்றது. வெள்ளையம்மா அக்கா தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். முகம் வீங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

"மிஷினை நிறுத்து" என்றேன். நினைவு தெரிந்த நாள் முதல் அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"வந்துட்டீங்களா தம்பி" என்று எழுந்தார். "பழம் வந்து கெடக்குதுங்க. உரிச்சுப் போட்டுட்டு அடக்கத்துக்கு ஓடியாந்தர்றோம். அப்பா சொல்லி வெச்சதுங்க தம்பி..."

"எங்கப்பா பேரை எடுக்காத. அவரு செத்த அன்னிக்குக் கொட்டாயைத் தொறந்து யாருக்குச் சம்பாரிக்கற? கேக்க ஆளில்லைன்னுதான்?"

"யாருக்கா? அழுதுக்கிட்டேதான் எடை போடறேன். ரெண்டு தடவை நம்பரைத் தப்பாப் படிச்சுட்டேன். பழம் கொண்டாந்தவங்கதான் திருத்துனாங்க, கேட்டுப் பாருங்க!"

நான் கேட்கவில்லை. மெயின் சுவிட்சை நானே இறக்கினேன். தொட்டியில் முந்தின நாள் உரித்த கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. களத்தில் பாதி காய்ந்தது பரப்பிக் கிடந்தது. "தொட்டியை மட்டும் கழுவி விட்டுடறனே தம்பி" என்றார் குப்புசாமி அண்ணன். "வெளியே போ" என்றேன். பைகளைத் திறந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னேன். செல்வி தன் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினார். அதில் சாப்பிடாத சோறு இருந்தது.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் ஒருவர், கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "அப்ப இந்தப் பழம் சாமி?"

"எங்கப்பாவே போயிட்டாரு. உங்க பழம் என்ன பெரிய பழம்?"

இதை எழுதும்போது பேனா நகர மறுக்கிறது. அந்தப் பெரியவர், பக்கத்தில் நின்றவர் கை கொடுக்க, மூட்டையை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். எங்கள் வாசலில் நின்றவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். "மகன்னா இப்படித்தான் இருக்கோணும்!" எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கருமாதி வரை கேட்டைத் திறக்கவில்லை. இடையில் இரண்டு நாள் பனிமூட்டமும் சாரலும். "ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வரட்டுமா?" என்று மாமா கேட்டார். "நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் பெரியப்பா. நானும் அதையே சொன்னேன்.

காரியம் முடிந்த மறுநாள் கேட்டைத் திறந்தேன். நாற்றத்தில் கண் எரிந்தது. தொட்டியில் ஊறியது அழுகிக் கறுத்திருந்தது. களத்தில் கிடந்தது பூசணம் பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை முகர்ந்தே எந்த வியாபாரியும் திரும்பிவிடுவார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அவர்கள் நாலு பேரும் சாவுக்குக்கூட வரவில்லையே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கருமாதி வரை அதிகம் பேசாதிருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு வரல? வண்டி திரும்பி வந்தப்ப மொதல்ல ஓடியாந்தது அவங்கதான். உங்கப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணி மொண்டு ஊத்துனது குப்புசாமி. என்னைப் புடிச்சு உக்கார வெச்சவ வெள்ளையம்மா. மத்தியானம் வரைக்கும் இருந்துட்டு, பழம் வர்ற நேரமாச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா சாமி?"

நானே மிஷினை ஓட்டுவது என்று ஆபீஸுக்கு லீவு நீட்டினேன். எப்படி ஓட்டுவது என்பது எனக்கு ஓரளவு தெரியும். அந்தக் கொட்டாயில் வளர்ந்தவன்தான். மோட்டார் ஓடியது. பழம்தான் வரவில்லை. பறித்ததை எல்லாரும் பழையபடி ரோட்டில் லாரிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிடப் போன வீட்டிலெல்லாம் என்னை மரியாதையாக உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "நாளைக்கும் தொறந்திருக்குங்களா?" நான் திறப்பேன் என்றேன். "உங்க ஊட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா?" அப்பா அத்தனை வருடம் படகுத்துறையில் உட்கார்ந்து நகம் கடித்தது இந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்து என்ன பயன், ரோட்டில் லாரிக்காரர் மறுபடி பீடி பற்றவைத்துவிட்டார்.

பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு வெள்ளையம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். செல்வியும் அங்கே இருந்தார். இருவரும் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க வாங்க, படிச்ச தம்பி வந்திருக்கறாரு" என்றார் அக்கா, எழுந்திருக்காமல். "செல்வி, உன்ற தூக்குச்சட்டியைத் தொறந்து வை புள்ள. பாக்கட்டும்."

செல்வி சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். பெரியப்பா, "புத்தி சொல்ல வேண்டிய நானே தலையாட்டிக்கிட்டு நின்னேன் தாயி, எம்மேலயும் தப்புத்தான்" என்றார்.

"எங்களைப் பேசுனதை விடுங்க. உங்கப்பா எங்களைப் பேசாத பேச்சா? ஆரம்பத்துல வாங்குன வசவுக்குக் கணக்கே இல்ல" என்றார் அக்கா. "அந்தப் பழத்துக்கு என்ன பதில் சொல்றது? அன்னிக்குத் திரும்பிப் போனவங்க, அதுக்கப்புறம் அடிமாட்டு வெலைக்கு லாரிக்குப் போட்டவங்க, அத்தனை பேருக்கும்?"

"நான் கொடுத்துடறேன் அக்கா. ஆபீஸுல லோன் போட்டுக் கொடுத்துடறேன்."

அவர் கிழங்கைக் கீழே வைத்தார். "தம்பி, அன்னிக்குக் கோவம் வந்துச்சு, பூட்டுனீங்க. இன்னிக்கு மனசு எளகுது, காசு குடுக்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதான். அவங்க தெனமும் உங்க மொகத்தைப் பாத்துட்டுப் பழம் பறிக்கோணுமா? நீங்க குடுத்தா அது உங்க தயவு. மிஷின் ஓடிக் குடுத்தா அது கணக்கு. கணக்கை நம்பித்தான் சனம் பழம் போடும்."

"அப்ப நான் என்னக்கா பண்றது?"

"கோயமுத்தூர் பஸ்ஸைப் புடிங்க."

பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அக்கா சொன்னது விளையாட்டு இல்லை. நஷ்டம் முழுவதையும் மிஷினின் வருமானத்திலிருந்து தீர்ப்பது. தீரும் வரை எங்கள் குடும்பம் லாபத்தில் கை வைப்பதில்லை. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் கொட்டாய் திறந்திருக்கும். நான் கேட்டுக்குள் முதலாளியாக வருவதில்லை. அம்மாவிடம் வந்து சொன்னேன். "உங்கப்பா அதைத்தான் சொன்னாரு. நான்தான் வாயைக் கழுவச் சொன்னேன்" என்று சொல்லி, சரி என்றார். அவர்கள் நால்வரும் வீடு வீடாகப் போய் இந்த ஏற்பாட்டைச் சொன்னார்கள். மறுநாள் இரண்டு மூட்டை வந்தது. அந்த வாரக் கடைசியில் வரிசை நின்றது.

ஒரு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் அதே பழம் பறிக்கும் பருவத்தில் நான் ஊருக்கு வந்தபோது மோட்டார் சத்தம் கேட்டது. அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டே, "சத்தம் ஒரு மாதிரி இருக்குதே, போய்ப் பாக்கறயா?" என்றார். எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். விலகி உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்களே சரிசெய்துவிட்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வளைவுகளில் முடிந்த மட்டும் வேகமாக ஓட்டியும் தோற்று, எங்களோடு அழுத ஆம்புலன்ஸ் டிரைவர் அவர்களுக்கு நன்றி. குழி வெட்டியவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு நாள்தோறும் சோறு கொண்டுவந்த வீட்டாருக்கும், அம்மாவைத் தனியே விடாமல் உடனிருந்த அக்காவுக்கும் மாமாவுக்கும் நன்றி. நான் பேசிய பேச்சுக்குப் பிறகும் மறுபடி பழம் கொண்டுவந்த எல்லாருக்கும், முக்கியமாக அன்று வரிசையில் முதலில் நின்ற அந்தப் பெரியவருக்கும், என் தலை தாழ்ந்த நன்றி. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "அப்பனைப் பறிகொடுத்தவன் பேச்சை யாரு எடுத்துக்குவாங்க சாமி" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளையம்மா அக்கா, குப்புசாமி அண்ணன், செல்வி, பழனியம்மா நால்வருக்கும் நன்றி என்று எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

அப்பா இல்லாமல், நானும் இல்லாமல், அந்த மிஷின் ஓடி ஓடி, அன்று நான் கேட்டைப் பூட்டியதற்கான கடைசிப் பாக்கியைப் போன வாரம் கொடுத்து முடித்தது. பழம் போட்டவர்களுக்குத் தந்தது, தொட்டியிலும் களத்திலும் போனது, எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய்.